அஞ்சாம் வகுப்பு சீனியர் சிட்டிசன்

(ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறார். தம்பி ஒரு போனோடு வந்து உட்காருகிறார்.)

தம்பி: அக்கா, நல்ல பூட்டா ஒண்ணு சொல்லு.

அக்கா: வாசலுக்கா?

தம்பி: பாப்பாவோட போனுக்கு. ஏற்கெனவே ஒரு ஆப் போட்டேன். பத்தே நிமிஷத்துல தொறந்துட்டா.

அக்கா: என்ன நம்பர் வெச்சே?

தம்பி: அவ பொறந்த நாள்.

அக்கா: பிரமாதம்.

தம்பி: உடனே மாத்திட்டேனே! யாருக்குமே ஞாபகம் இருக்காதுன்னு என் கல்யாண நாளை வெச்சேன்.

அக்கா: அப்புறம்?

தம்பி: எனக்கும் ஞாபகம் இல்ல. பாப்பாதான் தொறந்து கொடுத்தா.

அக்கா: கொடு அந்தப் போனை. (பார்க்கிறார்) என்னடா இது, மூட்டுவலித் தைலம், காது மெஷின், பென்ஷன் திட்டம்னு வரிசையா விளம்பரம்? யார் போனைக் கொண்டுவந்தே?

தம்பி: பாப்பாவோடதுதான். அக்கவுண்ட் தொறக்கும்போது பொறந்த வருஷம் கேட்டுச்சு. உண்மையைச் சொன்னா 'வயசு பத்தாது'ன்னுடுச்சு. அதான் அந்த வருஷ லிஸ்டை வேகமா ஒரு தள்ளு தள்ளினேன். 1962ல போய் நின்னுச்சு.

அக்கா: அஞ்சாவது படிக்கிற பொண்ணு எனக்கே பெரியம்மா ஆயிட்டாளா!

தம்பி: சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கறாங்கக்கா.

அக்கா: சம்பிரதாயமா? 13 வயசுன்னு ஏன் கேக்கறாங்க தெரியுமா? அமெரிக்காவுல 1998ல ஒரு சட்டம் வந்துச்சு. அதுக்குக் கீழ இருக்கற குழந்தைங்ககிட்டேருந்து, பெத்தவங்க சம்மதம் இல்லாம இன்டர்நெட்ல சொந்த விவரம் வாங்கக் கூடாது. அந்தக் கணக்குதான் உலகம் பூரா பரவியிருக்கு. நீ 1962ன்னு போட்டுட்டே. சின்னப் பசங்களுக்குன்னு வெச்சிருக்கற தடுப்பு எதுவும் இந்த அக்கவுண்டுக்குக் கிடையாது. முகம் தெரியாதவன் மெசேஜ் அனுப்புவான், பெரியவங்க பாக்கற வீடியோ வரும். பூட்டு வாங்க வந்தவன் கதவைக் கழட்டி வெச்சுட்டு வந்திருக்கே.

தம்பி: எல்லா அப்பாவும் இப்படித்தானே பண்றாங்க.

அக்கா: ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர்லேருந்து 16 வயசுக்குக் கீழ இருந்தா பெரிய சோஷியல் மீடியா எதுலயும் அக்கவுண்டே வெச்சுக்கக் கூடாது.

தம்பி: ஐயோ, அங்க அப்பாவைப் பிடிச்சு உள்ள வெச்சுடுவாங்களா?

அக்கா: அபராதம் கம்பெனிக்குத்தான். பெத்தவங்களுக்கு இல்ல.

தம்பி: அப்பாடா!

அக்கா: உன் அக்கவுண்டைக் காட்டு. இந்த போட்டோவுல பாப்பா யூனிஃபார்ம்ல நிக்கறா. கழுத்துல ஐடி கார்டு, பேரும் வகுப்பும் படிக்கற அளவுக்குத் தெளிவா இருக்கு.

தம்பி: கேமரா நல்ல கேமராக்கா.

அக்கா: கீழ 'தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு டான்ஸ் கிளாஸ்'னு எழுதி, இடத்தையும் டேக் பண்ணியிருக்கே. ஊர்ல ஒருத்தனும் தேடிக் கஷ்டப்படக் கூடாதுன்னா?

தம்பி: சரி, எடுத்துடறேன். பள்ளிக்கூடத்துல நீங்க ஏதோ ஃபில்டர் போட்டிருக்கீங்களாமே, அதை வீட்டுக்கும் போட முடியாதா?

அக்கா: போடலாம். ஆனா அது எங்க வைஃபைல வர்றதை மட்டும்தான் தடுக்கும். ஒரு பையன் வீட்டுப் போனைப் பையில ஒளிச்சுக் கொண்டுவந்து ஹாட்ஸ்பாட் போட்டான், ஃபில்டர் தேமேன்னு நிக்குது, வகுப்பு பூரா அந்தப் பையனைச் சுத்தி நிக்குது. (தயங்கி) உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது.

தம்பி: நான் எப்போ கத்தினேன்?

அக்கா: இப்போ. போன வாரம் ஒரு கேம்ல எவனோ பாப்பாகிட்ட, 'நீ எந்த ஸ்கூல், தனியா வேற சாட்ல வா, வீட்ல சொல்லாதே'ன்னு கேட்டிருக்கான்.

தம்பி: என்னது!

அக்கா: அவ என்கிட்ட வந்து சொன்னா. ரெண்டு பேருமா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சோம், ரிப்போர்ட் பண்ணோம், பிளாக் பண்ணோம். பதில் எதுவும் போடலை. கெட்டிக்காரப் பொண்ணு. 'வீட்ல சொல்லாதே'ன்னு சொன்னதுமே சந்தேகம் வந்துடுச்சாம்.

தம்பி: என்கிட்ட ஏன் சொல்லலை?

அக்கா: சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?

தம்பி: முதல்ல போனைப் பிடுங்கி...

அக்கா: ம்.

தம்பி: (நீண்ட நேரம் கழித்து) ம்.

அக்கா: தப்பு பண்ணவன் எவனோ. போன் போறது அவளுக்கு. அப்புறம் எந்தப் பிள்ளை வந்து சொல்லும்? 'எது வந்தாலும் சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்'னு இன்னிக்கே சொல்லிடு. அந்த 1962ஐ மூடிட்டு, ஃபேமிலி லிங்க் வழியா உண்மையான வயசுல புதுசா தொற. பெத்தவங்க பிள்ளைங்க போனைக் கவனிச்சுக்கற கூகுள் ஆப், காசு கிடையாது.

தம்பி: நம்பர்?

அக்கா: யார் பொறந்த நாளும் வேண்டாம்! அப்புறம், ராத்திரி ஒன்பதுக்கு மேல எல்லாப் போனும் ஹால்ல சார்ஜுக்குப் போயிடணும். படுக்கையில போன் கிடையாது.

தம்பி: நல்ல ஐடியா. அவ போனை நானே வாங்கி வெச்சுடறேன்.

அக்கா: எல்லாப் போனும்னேன்.

தம்பி: என்னோடதுமா? பாத்ரூமுக்கு?

அக்கா: பாத்ரூமுக்கு எதுக்குடா போன்?

தம்பி: அங்கதான்க்கா எனக்குக் கொஞ்சம் ஸ்கிரீன் டைம் கிடைக்குது.