வாஷிங் மெஷினும் இதய வால்வும்

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் இதய நோய் பற்றிப் பேச்சு வந்தாலே சிகரெட், சர்க்கரை, குடி என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சரி, அதெல்லாம் இருக்கட்டும். ருமாட்டிக் இதய நோய்க்கு என்ன சொல்வீர்கள்?

அது தொடங்குவதே சின்னப் பிள்ளைகளிடம். தொண்டையிலோ தோல் புண்ணிலோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றி, பிறகு காய்ச்சலும் மூட்டுவலியும் வந்து (இதுதான் ருமாட்டிக் காய்ச்சல்), அதுவே திரும்பத் திரும்ப வந்தால் இதய வால்வு தடித்துக் கெட்டுப்போகும். மற்ற ஆஸ்திரேலியர்களிடம் கிட்டத்தட்ட ஒழிந்தே போன நோய். மக்கள்தொகையில் 4 சதவீதம்கூட இல்லாத பழங்குடியினர்தான் ருமாட்டிக் காய்ச்சல் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல்.

இதற்கு மரபணுவைத் தேடிப் போக வேண்டாம், வீட்டைப் பாருங்கள். ஒரே வீட்டில் பல குடும்பங்கள், ஒழுங்காகத் தண்ணீர் வராத ஷவர், ரிப்பேரான வாஷிங் மெஷின், அதனால் தீராத சொறி சிரங்கு. குளிக்கவும் துணி துவைக்கவும் வசதி இருந்தாலே பாதி நோய் குறையும் என்கிற பேச்சு 1987-லேயே மத்திய ஆஸ்திரேலியாவில் எழுந்துவிட்டது. "அவர்களே உடைத்துவிடுகிறார்கள்" என்பார்கள். பழங்குடியினர் வீடுகளைச் சரிபார்த்துப் பழுது நீக்கும் ஹெல்த்ஹேபிடேட் அமைப்பு வீடு வீடாகச் சோதித்ததில், குடியிருப்பவர்களால் வந்த பழுது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பராமரிப்பு இல்லாததும் மட்டமாகக் கட்டியதும்தான் மீதி.

அப்புறம், காய்ச்சல் திரும்ப வராமல் தடுக்கப் போடும் பென்சிலின் ஊசி. 28 நாளுக்கு ஒருமுறை, வருடக்கணக்கில். நம் ஊரிலும் போட்டுக்கொண்டவர்கள் உண்டு, கேட்டுப் பாருங்கள், அப்படி வலிக்கும். ஒரு சிறுமி அதைத் தவறவிட்டால் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதிவிடுவது எவ்வளவு சுலபம்! குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பழங்குடியினர் வாழும் டூமட்ஜி என்ற ஊரில் 2019, 2020-இல் இந்த நோயால் மூன்று பெண்கள் இறந்தார்கள், அதில் இருவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்பப் போயும் வீட்டுக்கு அனுப்பப்பட்டது மரண விசாரணையில் வெளிவந்தது. இங்கே ஒத்துழைக்காதது யார்?

வால்வு கெட்டபின் குடும்பத்தை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துபோய் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும். செயற்கை வால்வு வைத்தால் பலருக்கு ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, பெண்ணாக இருந்தால் பிள்ளைப்பேறே ஆபத்து. இதற்கெல்லாம் ஆகும் செலவை யோசித்தால் குழாய் ரிப்பேர் ஒரு செலவா?

2031-க்குள் இந்த நோயை ஒழிப்பதாக ஆஸ்திரேலியாவில் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஊசி போட நர்ஸ் எத்தனை பேர் என்று கணக்குக் காட்டும்போது, அந்த ஊருக்கு பிளம்பர் கடைசியாக எப்போது வந்தார் என்பதையும் சேர்த்துக் காட்டட்டும்.