மியூனிக்ல இருந்து கோட்டைக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாமாம்

இனிமே எவனாவது என்கிட்ட "மியூனிக்ல ரூம் போட்டுட்டு அந்த நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்ல"னு சொன்னா பதிலே சொல்லாம போனை வெச்சிடுவேன். சொல்றவன் எவனும் அந்த டைம்டேபிளை ஒருதடவை கூட தொறந்து பாத்தது கிடையாது. ரீல்ஸ் பாத்திருக்கான், அவ்ளோதான். பதினஞ்சு செகண்ட் வீடியோல ஒரு பொண்ணு ட்ரெயின்ல ஏறுது, அடுத்த ஷாட்ல பாலத்து மேல நின்னு தலைமுடியை சிலுப்புது, பின்னாடி வெள்ளையா கோட்டை. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எவன் காட்டினான்?

நான் காட்டறேன். மியூனிக் மெயின் ஸ்டேஷன்ல இருந்து கோட்டைக்குப் பக்கத்து ஊரான ஃபூஸ்ஸன் வரைக்கும் ரெண்டு மணி நேரம். நேர் வண்டி கெடைச்சா ஒரே வண்டி, இல்லன்னா நடுவுல புக்லோவோ காஃப்பாய்ரனோ இறங்கி மாறணும். ஃபூஸ்ஸன்ல இருந்து ஹோஹன்ஷ்வான்காவ் கிராமத்துக்கு பஸ். ட்ரெயின்ல வந்த மொத்த கும்பலும் அந்த ஒரே பஸ்லதான் ஏறப் பாக்கும். அங்க இறங்கினா கோட்டை மலை மேல இருக்கு, ஒன்றரை கிலோமீட்டர் ஏத்தம், நடந்தா நாப்பது நிமிஷம். குதிரை வண்டி இருக்கேன்னு கேப்பீங்க, அதுவும் வாசல் வரைக்கும் போகாது, கீழயே இறக்கி விட்டுரும், மிச்சம் நடக்கணும். ரீல்ஸ்ல வர்ற அந்த பாலம் பக்கம் போற பஸ் ஒண்ணு இருக்கு, பனி விழுந்து ரோடு வழுக்குச்சுன்னா அதுவும் ஓடாது. இவ்ளோ தாண்டி உள்ள போனா டூர் எவ்ளோ நேரம் தெரியுமா? அரை மணி நேரம். உள்ள போட்டோ எடுக்கக் கூடாது. அப்புறம் வந்த வழியிலயே ஊரைப் பாத்து திரும்பணும்.

இதுல எனக்கு வர்ற விருந்தாளிங்க யாரு? ஊர்ல இருந்து சித்தப்பாவும் சித்தியும். சித்திக்கு முட்டி வலி. கோட்டைக்காரங்களே தெளிவா போட்டிருக்காங்க, டூர்ல 165 படி ஏறணும், 181 படி இறங்கணும்னு. இதை அப்படியே ஃபேமிலி க்ரூப்ல போட்டேன். டப்ளின்ல இருக்கற பெரியப்பா பையன், அவனுக்கு ஐரோப்பா முழுக்க அத்துப்படி பாருங்க, "படி எல்லாம் மெதுவா ஏறிக்கலாம்டா தம்பி"ங்கறான். மெதுவாவா? அது டைம் போட்ட டிக்கெட் அண்ணா. குறிச்ச நேரத்துக்கு வாசல்ல நிக்கலன்னா டிக்கெட் போச்சு. சித்தி மெதுவா ஏறி வர்ற வரைக்கும் கைடு காத்துகிட்டு நிக்குமா?

சரி, அதையாவது சமாளிப்போம்னு வெச்சுக்குவோம். எந்த நாள் போறது? இங்கதான் ஆரம்பிக்குது தலைவலி. ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி மூன்றரை மணி நேரத்துல மியூனிக், திங்கள் ராத்திரி திரும்பறது, இதான் பிளான். சனிக்கிழமை கோட்டைக்கு போலாம்னா நேர வசதியான ஸ்லாட் எல்லாம் எப்பவோ வித்துப் போச்சு, சாயங்கால ஸ்லாட்தான் மிச்சம், அதுல போனா ராத்திரி எத்தனை மணிக்கு ரூமுக்கு வர்றது? திங்கக்கிழமை போலாமேன்னா, அஞ்சு பேர் வரைக்கும் ஒரே டிக்கெட்டுன்னு எல்லாரும் ஆஹா ஓஹோன்னு புகழ்ற பயர்ன் டிக்கெட் இருக்கே, மியூனிக் இருக்கற பவேரியா மாநிலத்துக்குள்ள லோக்கல் ட்ரெயின்ல ஒரு நாள் சுத்தறதுக்கு, அது வார நாள்ல காலைல ஒம்போது மணிக்கு அப்புறம்தான் செல்லும். ஒம்போது மணிக்கு மேல கிளம்பி, ஃபூஸ்ஸன் போய், பஸ் புடிச்சு, மலை ஏறி, டூர் முடிச்சு, இறங்கி, மறுபடி ரெண்டு மணி நேரம் மியூனிக் வந்து, லாக்கர்ல இருந்து பொட்டியை எடுத்துகிட்டு ராத்திரி ஃப்ராங்க்ஃபர்ட் ட்ரெயின் புடிக்கணும். அந்த ட்ரெயினாவது கரெக்டா வருமா? இந்த நாட்டு தொலைதூர ரயிலுங்க 2024ல டைமுக்கு வந்தது 62.5 சதவீதம்தான், அதுவும் ஆறு நிமிஷத்துக்கு உள்ள லேட்டா வந்தா அதையும் டைமுக்கு வந்ததா சேத்துதான் கணக்கு, ரத்தான வண்டி கணக்குலயே வராது. இதுக்குப் பேர் ஜெர்மன் பங்க்ச்சுவாலிட்டி, நம்மூர்ல இன்னும் இதை வெச்சு பிள்ளைங்களுக்கு பாடம் எடுக்கறாங்க!

அப்ப ஞாயித்துக்கிழமை கோட்டைக்கு போய்ட்டு திங்கள் ஊரைச் சுத்தலாமேன்னு ஒரு அறிவாளி. திங்கள் பாதி மியூசியம் லீவு. ஓவிய மியூசியம் ஆல்ட்டே பினக்கோத்தேக் மூடல், பிஎம்டபிள்யூ மியூசியம் மூடல். அறிவியல் மியூசியமான டாய்ச்சஸ் மியூசியம் தொறந்திருக்கும், ஒத்துக்கறேன், ஆனா சித்தப்பா கேக்கறது ஓவியங்க இருக்கற மியூசியம். அந்த பினக்கோத்தேக் ஞாயித்துக்கிழமை வெறும் ஒரு யூரோ டிக்கெட், அன்னைக்கு கோட்டைல இருப்போம். ஞாயித்துக்கிழமை ஊர்ல கடையும் கிடையாது. அது சும்மா பழக்கம் இல்ல, அரசியல் சட்டத்துலயே எழுதி வெச்சிருக்காங்க ஞாயிறு ஓய்வு நாள்னு. மத்த நாளும் பவேரியால சூப்பர்மார்க்கெட் ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டர். மலை ஏறி இறங்கி வந்து சித்தி ஒரு வாய் தயிர் சோறு கேட்டா ஸ்டேஷனுக்குள்ள இருக்கற கடைல போய் க்யூல நின்னு தயிர் வாங்கணும்.

ஒவ்வொரு ரூலையும் தனித்தனியா எடுத்துப் பாருங்க, எல்லாம் நியாயமாத்தான் இருக்கும். கூட்டத்தை குறைக்க டைம் ஸ்லாட், ஆபீஸ் போறவன் வண்டில இடிபடக் கூடாதுன்னு ஒம்போது மணி, கடை ஊழியருக்கு ஞாயிறு லீவு. எவனைத் திட்டறது? அதான் இன்னும் எரிச்சல். தனியா இருந்தா சாதுவா இருக்கற ரூலுங்க எல்லாம் ஒரு சின்ன வீக்கெண்டுக்குள்ள வந்து ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுது, நடுவுல நான் எக்ஸெல் ஷீட்டை தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன்.

இதுக்கு நடுவுல "டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துடுங்க ப்ரோ"ன்னு ஒருத்தர். நாடு முழுக்க லோக்கல் ட்ரெயின், பஸ்ல போறதுக்கான டிக்கெட்தான், ஆனா அது மாசாந்திர சந்தா ஐயா! 2023ல 49 யூரோல ஆரம்பிச்சு இப்ப 63ல வந்து நிக்குது, மாசம் பத்தாம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணலன்னா அடுத்த மாசமும் காசு போகும். நாலு நாள் சுத்த வந்தவங்களுக்கு சந்தாவா? அந்த டிக்கெட்டை வெச்சுகிட்டு ஐசிஇங்கற அதிவேக ரயில் பக்கமே போக முடியாது. இன்னொருத்தி "அக்டோபர்ஃபெஸ்ட் சமயம் வேணாம், செப்டம்பர்ல வெச்சுக்கோங்க"ங்கறா. அம்மா தாயே, மியூனிக்ல நடக்கற அந்த பீர் திருவிழா ஆரம்பிக்கறதே செப்டம்பர்லதான், அந்த நேரத்துல ஹோட்டல் ரேட்டைப் பாத்துட்டு நான் பிரவுசரையே மூடினேன்.

எனக்கு அந்த கோட்டையைக் கட்டின ராஜா மேல கோவம் இல்ல. பாவம் ரெண்டாம் லுட்விக், தனியா நிம்மதியா இருக்கணும்னுதான் 1869ல அந்த மலை உச்சில கட்ட ஆரம்பிச்சார். கட்டி முடிக்கறதுக்குள்ள 1886ல போய் சேந்துட்டார், செத்து சில வாரத்துலயே டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ள விட்டுட்டாங்க. ஒத்தை மனுசனுக்குன்னு கட்டின ரூமுங்கள்ல இப்ப கோடைல ஒரு நாளைக்கு ஆறாயிரம் பேர் நுழையறாங்க. அதுல ஏழாவது வரிசைல என் சித்தி முட்டியைப் புடிச்சுகிட்டு நிக்கணுமா?

அதான் நான் ஆக்ஸ்பர்க் போலாம்னு சொன்னேன். மியூனிக்ல இருந்து அரை மணி நேரத்து ஊரு, சமதரை. அங்க ஃபுக்கராய்னு ஏழைங்களுக்காக 1521ல கட்டின குடியிருப்பு இருக்கு, இன்னைக்கும் ஆளுங்க குடியிருக்காங்க, வருச வாடகை 88 சென்ட். மாசத்துக்கு இல்ல, வருசத்துக்கு! சித்தப்பா வாடகைக்கு வீடு விட்டு வாழ்ற மனுசன், இதைக் கேட்டாலே ரெண்டு நாள் பேசிட்டு இருப்பார். கோட்டை மாதிரி ஏதாவது வேணும்னா நிம்ஃபன்பர்க் அரண்மனை மியூனிக்குக்குள்ளயே இருக்கு, டிராம்ல போலாம், அந்த லுட்விக் பொறந்ததே அங்கதான்.

க்ரூப்ல போட்டேன். சித்தப்பா கட்டைவிரல் போட்டார். டப்ளின்காரன் ரெண்டு நிமிஷத்துல பதில் போடறான்: "அது டிஸ்னி கோட்டை மாதிரி இல்லையே தம்பி, சித்தி ஃபேஸ்புக்ல போட நல்லா இருக்காதே." சித்தி அதுக்கு ஹார்ட் போட்டுட்டாங்க. இப்ப மறுபடி சனிக்கிழமை ஸ்லாட் ஏதாவது கேன்சல் ஆகி வருதான்னு அந்த பேஜை ரெஃப்ரெஷ் பண்ணிட்டு உக்காந்திருக்கேன், அண்ணன்காரன் டப்ளின்ல நிம்மதியா தூங்கறான்.