பிரிண்டருக்குக் காரணம் தெரியும், நம்மகிட்ட மட்டும் சொல்லாது

வைஃபை பிரிண்டர் விக்கிற கம்பெனிக்காரங்க மேல எனக்கு இருக்கிற கோவம் இன்னைக்கு நேத்து வந்தது இல்ல, ரொம்ப நாளா உள்ளுக்குள்ளயே கிடந்து இப்ப பொறுக்க முடியாமதான் எழுதுறேன். பெட்டி மேல கொட்டை எழுத்துல 'வயர்லெஸ்', 'ஈஸி செட்டப்'னு போட்டு விக்கிறீங்க. வீட்டுக்குக் கொண்டாந்து, பிளக் குத்தி, இங்க் ஊத்தி, ஆப்பை இறக்கி, வைஃபை பாஸ்வேர்டு குடுத்தா ஒரு வட்டம் சுத்துது சுத்துது சுத்திக்கிட்டே இருக்கு, கடைசியில 'கனெக்ட் பண்ண முடியல, பாஸ்வேர்டை சரிபார்த்துட்டு மறுபடி முயற்சி பண்ணுங்க'ன்னு ஒரே ஒரு வரி. ஏன் முடியல? அது மட்டும் வரவே வராது.

எனக்கு வயிறு எரியுறது எங்கன்னா, அந்த மெஷினுக்குக் காரணம் தெரியும். வைஃபைல சேர்றதுங்கிறது ஒரே வேலை இல்ல, படிப்படியா நடக்குற விஷயம். முதல்ல நாம குடுத்த பேர்ல நெட்வொர்க் இருக்கான்னு தேடும், இருந்தா செக்யூரிட்டி முறை ஒத்துப்போகுதான்னு பாக்கும், அப்புறம் பாஸ்வேர்டு, அதுவும் சரின்னா ரவுட்டர்கிட்ட ஐபி அட்ரஸ், அதாவது அந்த நெட்வொர்க்குள்ள தனக்குன்னு ஒரு நம்பர், கேக்கும். எந்தப் படியில வழுக்குச்சுன்னு பிரிண்டருக்குள்ள இருக்குற சாஃப்ட்வேருக்கு நல்லாவே தெரியும். தெரியும்னு எப்படி சொல்றேன்னா, நிறைய மாடல்ல ஒரு குறிப்பிட்ட பட்டனை கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா நெட்வொர்க் ரிப்போர்ட்னு ஒரு பேப்பரை அதுவே அடிச்சுத் தள்ளும், அதுல காரணம் இருக்கும், சில கம்பெனி அதுக்குன்னே தனித்தனி எர்ரர் கோடு போடுறாங்க, நெட்வொர்க் பேர் கிடைக்கலன்னா ஒரு கோடு, செக்யூரிட்டி ஒத்துப்போகலன்னா ஒரு கோடு, பாஸ்வேர்டு தப்புன்னா இன்னொண்ணு. அப்ப இதையெல்லாம் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச மெஷின், போன்ல இருக்குற ஆப்ல மட்டும் ஏன்யா வாயை மூடிக்குது?

எங்க அக்கா ஊர்ல வீட்லயே பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு டியூஷன் எடுக்குறாங்க. ஒவ்வொரு வாரமும் கொஸ்டின் பேப்பர் அடிக்க ஜெராக்ஸ் கடைக்குப் போய் அந்தக் கூட்டத்துல நின்னு, பென்டிரைவைக் குடுத்து, வைரஸோட திரும்பி வாங்கி, இதெல்லாம் வேணாம்னுதான் சேத்து வெச்ச காசுல ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்குனாங்க. கனெக்ட் ஆகல. ஆகவே இல்ல. ராத்திரி எனக்கு போன் பண்ணி, "தம்பி, நான்தான் பாஸ்வேர்டை தப்பா அடிக்கிறேன் போலடா, எனக்கு இதெல்லாம் வரல"ன்னாங்க பாருங்க, எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. பத்தாங்கிளாஸ் கணக்கு சொல்லிக் குடுக்குற மனுஷி. எட்டு எழுத்து பாஸ்வேர்டு அடிக்கத் தெரியாதா அவங்களுக்கு?

வீடியோ கால்ல வரச் சொல்லி, அந்த ரிப்போர்ட் பேப்பரை எடுக்க வெச்சேன். எந்தப் பட்டன்னு மேனுவல்ல தேடணும், மேனுவல்னு டப்பாக்குள்ள இருந்தது வெறும் அம்புக்குறியும் படமும் போட்ட ஒரு மடிச்ச தாள், முழு மேனுவல் இன்டர்நெட்லதான் இருக்கு. ஒருவழியா பேப்பர் வந்துச்சு, அக்கா அதை கேமராகிட்ட பிடிச்சாங்க, பொடி எழுத்துல இங்கிலீஷ், நடுவுல ஒரே ஒரு வரி, நீங்க குடுத்த பேர்ல நெட்வொர்க் எதுவும் கண்டுபிடிக்க முடியலன்னு. அவ்ளோதான் விஷயம். அக்கா வீட்டு ரவுட்டர்ல ரெண்டு பேர் வரும், ஒண்ணு சாதா, இன்னொண்ணு கடைசியில '_5ஜி'ன்னு முடியும். போன் அந்த '_5ஜி'ல இருந்துச்சு, ஆப் அந்தப் பேரைத்தானா எடுத்து பிரிண்டர்கிட்ட குடுத்துடுச்சு. அந்தப் பிரிண்டருக்கோ 2.4 கிகாஹெர்ட்ஸ்ங்கிற ஒரு அலைவரிசை (பேண்டு) மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுற நெட்வொர்க் அது கண்ணுக்கே தெரியாது. பாஸ்வேர்டு அது வரைக்கும் போகவே இல்ல! போகாத பாஸ்வேர்டை சரிபாருன்னு அக்காகிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்கு அந்த ஆப். இது பொய்தானே? வேற என்ன பேர் சொல்றது இதுக்கு?

2.4 மட்டும் குடுக்குறது தப்புன்னு நான் சொல்ல வரல. ஒரு பேஜ் பிரிண்ட் எடுக்க பெரிய ஸ்பீடு ஒண்ணும் தேவையில்ல, 2.4 சிக்னல் செவுரு தாண்டி தூரம் போகும், சிப்பும் விலை கம்மி. ஆனா 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு ஸ்டாண்டர்டு வந்தது 1999ல, இன்னைக்கு நெட் கனெக்ஷன் குடுக்க வர்ற பசங்க மாட்டிட்டுப் போற பெட்டி நிறைய ரெண்டு பேண்டும் உள்ளதுதான், அதுலயும் பல ரவுட்டர்ல ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சு எது நல்லா இருக்கோ அதுக்குத் தானா தள்ளி விடுற செட்டிங் வேற ஆன்லயே வரும். அப்படி இருக்கும்போது உன் மெஷினுக்கு 2.4 மட்டும்தான் வரும்ங்கிறதை டப்பா பக்கவாட்டுல எறும்பு சைஸ்ல எழுதிட்டு, ஆப்ல ஒரு வார்த்தை கூட சொல்லாம விடுறது மன்னிக்கவே முடியாத வேலை.

செக்யூரிட்டி கதை இதை விட மோசம். தெரிஞ்சவர் ஆபீஸ்ல நல்லா ஓடிக்கிட்டிருந்த பிரிண்டர், புது ரவுட்டர் மாத்துன அன்னைக்கே செத்துடுச்சு. பழைய பேர், பழைய பாஸ்வேர்டு, எல்லாம் அப்படியேதான் வெச்சாங்க. ரவுட்டர்ல டபிள்யூபிஏ3 மட்டும்னு இருந்துச்சு, வைஃபையைப் பூட்டி வெக்க 2018ல வந்த செக்யூரிட்டி முறை அது, அந்தப் பிரிண்டருக்கு அதுக்கு முந்தின டபிள்யூபிஏ2க்கு மேல தெரியாது. ரெண்டும் கலந்த மோடுன்னு ரவுட்டர்ல இருக்கும், அதை மாத்துனா முடிஞ்சுது. ஆனா அவருக்கு யார் சொல்லுவா? சர்வீஸ் ஆளு வந்து வைஃபை போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க சார்னுட்டுப் போயிட்டாரு. நல்லா இருக்குற மெஷினைத் தூக்கிப் போட வெக்கிறாங்க.

அந்த ஆப்பைப் பத்தி பேசினா ரத்தக் கொதிப்புதான். பிரிண்ட் எடுக்க எனக்கு எதுக்குய்யா அக்கவுண்ட்? மெயில் ஐடி, பேர், நாடு, சம்மதம் சம்மதம் சம்மதம். அடுத்து லொகேஷன் பர்மிஷன் கேக்கும், ஆண்ட்ராய்டுல ரொம்ப காலமா பக்கத்துல இருக்குற வைஃபையைத் தேடணும்னா லொகேஷன் ஆன்ல இருக்கணும்ங்கிறது ரூல், அது கூகுள் வெச்ச ரூலுதான், சரி. ஆனா அதை விளக்கி ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சு போவுது? நான் எங்க இருக்கேன்னு பிரிண்டருக்கு எதுக்குன்னு நியாயமா பயந்து வேணாம்னு அமுக்குறவங்களுக்கு ஆப் 'பிரிண்டர் எதுவும் இல்ல'ன்னு காட்டும், பக்கத்துலயே லைட்டு மினுக்கிக்கிட்டு உக்காந்திருக்கும் அது. ஐபோன்லயும் 2020ல வந்த ஐஓஎஸ் 14லேர்ந்து லோக்கல் நெட்வொர்க்னு ஒரு பர்மிஷன் உண்டு, அதை ஒரு தடவை மறுத்துட்டா அவ்ளோதான், செட்டிங்ஸுக்குள்ள போய்த் தோண்டித்தான் திருப்பி ஆன் பண்ணணும்.

இதுல இன்னொரு கொடுமை, செட்டப்புக்குன்னு பிரிண்டர் தானே ஒரு தற்காலிக வைஃபையைக் கிளப்பும், போன் அதுல சேரணும். சேர்ந்ததும் போன் 'இந்த நெட்வொர்க்ல இன்டர்நெட் இல்ல'ன்னு கண்டுபிடிச்சு சத்தமில்லாம மொபைல் டேட்டாவுக்குத் தாவிடும், ஆப் பிரிண்டரைக் காணோம்னு அழும். மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு செட்டப் பண்ணுங்கன்னு ஆப்ல முதல் பக்கத்துல போட வேண்டிய விஷயம் இது. எத்தனை பேர் இந்த ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு மண்டையை உடைச்சிருப்பாங்க. பாஸ்வேர்டு அடிக்காமலே சேர டபிள்யூபிஎஸ்னு ஒரு பட்டன் இருக்கே, ரவுட்டர்லயும் பிரிண்டர்லயும் ரெண்டையும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள அமுக்குனா சேர்ந்துக்குமேன்னு சொல்லாதீங்க, அதோட பின் நம்பர் முறையில பெரிய ஓட்டை இருக்குன்னு 2011லயே வெளிய வந்துச்சு, அதுலேர்ந்து ஆஃப் பண்ணி வெக்கச் சொல்றதுதான் வழக்கம், டபிள்யூபிஏ3ல அது கிடையவே கிடையாது.

சரி, எப்படியோ கனெக்ட் ஆயிடுச்சுன்னு வெச்சுக்குவோம். நிம்மதியா இருக்க விடுமா? கரண்ட் போகும். நம்ம ஊர்ல கரண்ட் போகாத வாரம் எது? திரும்ப வந்ததும் லேப்டாப்ல பிரிண்டர் 'ஆஃப்லைன்'னு காட்டும். பிரிண்டர் ஆன்ல இருக்கு, வைஃபை லைட் எரியுது, போன்லேர்ந்து குடுத்தா கூட அடிக்குது, லேப்டாப் மட்டும் ஆஃப்லைன்னு அடம் பிடிக்கும். அக்கா வீட்லயும் இதேதான் ஆச்சு, ஹாலு நெறைய பசங்க டெஸ்ட் எழுத உக்காந்திருக்காங்க, பேப்பர் வர மாட்டேங்குது, கடைசியில போர்டுல எழுதிப் போட்டாங்க. நான் லேப்டாப்ல பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் போய் போர்ட்ஸ்னு இருக்குற பக்கத்தைத் திறக்கச் சொன்னா அங்க 192.168.1.7ன்னு இருக்கு, பிரிண்டர் அடிச்ச ரிப்போர்ட்ல 192.168.1.12ன்னு இருக்கு. கரண்ட் போய் வந்ததுல ரவுட்டர் பழைய கணக்கை மறந்துட்டு, வந்த வரிசையில எல்லாருக்கும் புது அட்ரஸ் குடுத்துடுச்சு. விண்டோஸ் பாவம் பழைய அட்ரஸ்லயே போய் கதவைத் தட்டிக்கிட்டு இருக்கு. இது ஒண்ணும் பிரம்ம ரகசியம் இல்ல, பிரிண்டரை அதோட பேரை வெச்சுத் தேடிக் கண்டுபிடிக்கிற வசதி எல்லாம் எப்பவோ வந்தாச்சு, ஐபோன்ல ஏர்பிரிண்ட் 2010லேர்ந்து அப்படித்தான் தேடுது. ஆனா பல கம்பெனியோட இன்ஸ்டாலர் இன்னைக்கும் விண்டோஸ்ல ஒரு நம்பரை எழுதி வெச்சுட்டு போயிடுது.

தீர்வு இருக்கு, ரவுட்டருக்குள்ள போய் இந்தப் பிரிண்டருக்கு எப்பவும் இந்த அட்ரஸ்தான்னு பதிஞ்சு வெச்சா மறுபடி மாறாது. ரவுட்டருக்குள்ள எப்படிப் போறது? லாகின் பாஸ்வேர்டு நெட் கனெக்ஷன் குடுத்தவர்கிட்ட இருக்கு. அக்கா கேட்டதுக்கு "அதெல்லாம் குடுக்க மாட்டோம் மேடம், ஆபீஸ்ல விட மாட்டாங்க, பிரிண்டர் கம்பெனில கேளுங்க"ன்னாரு. பிரிண்டர் கஸ்டமர் கேர்ல கேட்டா "இது ரவுட்டர் பிரச்சினை மேடம், உங்க நெட்காரங்ககிட்ட பேசுங்க." நடுவுல நிக்கிறது காசு குடுத்து ரெண்டையும் வாங்குனவங்க.

இதை விட அநியாயம் ஒண்ணு இருக்கு, அதை சொல்லாம முடிக்க மாட்டேன். இப்படி ஒண்ணும் புரியாம நிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க, பிரிண்டர் பேரைப் போட்டு ஆஃப்லைன்னு சேர்ச் பண்ணுவாங்க. அங்க கம்பெனி லோகோவைத் திருடி வெச்சுக்கிட்டு 'டிரைவர் டவுன்லோடு', 'ஹெல்ப்லைன்'னு போலி சைட்டுங்க உக்காந்திருக்கு. டிரைவர், அதாவது கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பேச வெக்கிற சாஃப்ட்வேர், இறங்குற மாதிரியே ஒரு கோடு ஓடும், நடுவுல எர்ரர்னு நிக்கும், இந்த நம்பருக்குப் பேசுங்கன்னு வரும். பேசினா உங்க கம்ப்யூட்டரை ரிமோட்ல வாங்கி, வைரஸ் இருக்குன்னு மிரட்டி காசு கறப்பாங்க. வயசானவங்கதான் அதிகம் மாட்டுறாங்க. இந்த திருட்டுப் பசங்களுக்கு இவ்ளோ பெரிய கடையைத் திறந்து விட்டது யாரு? 'ஏன்'ங்கிற கேள்விக்கு பதில் சொல்லாத அந்த ஒத்த வரி எர்ரர்தான். அந்த எடத்துல உண்மையான காரணம் வந்திருந்தா முக்காவாசி பேர் சேர்ச்சுக்கே போயிருக்க மாட்டாங்க.

பிரிண்டர் தனக்குத் தெரிஞ்சதை மனுஷனுக்கு சொல்லணும்ங்கிற சண்டையும் புதுசு இல்ல. அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டி லேப்ல புரோகிராமரா இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பேப்பர் சிக்கிக்கிட்டா பிரிண்ட் குடுத்து காத்திருக்கிறவங்களுக்கு மெசேஜ் போற மாதிரி பழைய பிரிண்டரோட புரோகிராமை மாத்தி வெச்சிருந்தாரு. 1980 வாக்குல ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் ஒண்ணு புதுசா வந்துச்சு, அதுக்கும் அதே மாதிரி பண்ணலாம்னா சோர்ஸ் கோடு, அதாவது அந்த புரோகிராமோட மூல எழுத்து, தர மாட்டேன்னுட்டாங்க. அந்த வெறுப்பும் சேர்ந்துதான் 1983ல அவர், யார் வேணாலும் பாக்கலாம் மாத்தலாம்ங்கிற சாஃப்ட்வேரை உருவாக்குற குனு திட்டத்தை அறிவிச்சாரு. நாப்பது வருஷம் தாண்டிடுச்சு. அந்த மனுஷன் கேட்டதும் இதேதான், மெஷினுக்கு என்ன ஆச்சுன்னு மெஷினே சொல்லட்டும்.

கம்பெனிக்காரங்களே, உங்ககிட்ட புது வசதி எதையும் கேக்கல. மாசாமாசம் இங்க் சந்தா கட்டுங்கன்னு நோட்டிஃபிகேஷன் அனுப்பத் தெரியுது, வேற கம்பெனி இங்க் கார்ட்ரிட்ஜ் போட்டா சிப்பை வெச்சு அடுத்த நொடியே கண்டுபிடிச்சு நிறுத்தத் தெரியுது, அப்ப எங்களுக்கு வேண்டியதை சொல்லவும் தெரியும். ரிப்போர்ட் பேப்பர்ல அடிக்கிற அதே காரணத்தை ஆப்ல போடுங்க, தமிழ்லயும் போடுங்க. பெட்டி மேல 'வயர்லெஸ்'னு அவ்ளோ பெரிய எழுத்துல போட இடம் இருக்குல்ல, அதுக்குக் கீழயே '2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்'னு அதே சைஸ்ல போட்டு வில்லுங்க.