விரு சதுப்புக்கு முழங்கால் பூட்ஸ் எதற்கு?
எஸ்தோனியாவின் சதுப்புகளில் நடக்க முழங்கால் வரை பூட்ஸ் வேண்டும் என்கிறது ஒரு பயணக் கட்டுரை. சரி, ஆனால் லஹேமா தேசியப் பூங்காவின் விரு சதுப்புக்கு அது தேவையே இல்லை, தலைநகர் தாலினிலிருந்து சுமார் 50 கி.மீ.தான், சதுப்பின் மேல் மரப்பலகைப் பாதை, பார்வைக் கோபுரம் வரை குழந்தை வண்டியைக்கூடத் தள்ளிக்கொண்டு போகலாம். பலகையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். கீழே இருப்பது தரையல்ல, தண்ணீர் குடித்து ஊறிய ஸ்பேக்னம் பாசி, அடியில் பீட் (பாதி மட்கிய பாசிப் படிவு) வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தாலே பெரிது. குனிந்து பார்த்தால் பாசிக்கு நடுவே விரல்நகம் அளவு சிவப்பு இலைகளில் பசைத்துளிகளோடு பூச்சி தின்னும் ட்ரோசெரா செடி தெரியும் (கோடையில் கொசு நம்மைத் தின்னும், அது வேறு). அப்புறம் மதியம் கடலோரக் கிராமமான கேஸ்முவுக்குப் போங்கள், பனியுகத்தில் பனியாறுகள் பின்லாந்துப் பக்கமிருந்து சுமந்து வந்து போட்ட பெரும்பாறைகள் அங்கே தண்ணீருக்குள்ளேயே கிடக்கின்றன.