தக்காளி விலையும் தடையற்ற வீழ்ச்சியும்

பாலக்கோட்டில் தக்காளி விலை இறங்கும்போதெல்லாம் 'தடையற்ற வீழ்ச்சி' என்று எழுதிவிடுகிறார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்தவன், தக்காளி பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவன் என்ற இரு முறையிலும் அந்தச் சொல்லை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

புவியீர்ப்பைத் தவிர வேறெந்த விசையும் செயல்படாமல் ஒரு பொருள் விழுவதற்குத்தான் இயற்பியலில் அந்தப் பெயர். முதல் நொடியில் 4.9 மீட்டர், இரண்டு நொடி முடிவில் மொத்தம் 19.6 மீட்டர், கனத்த பொருளுக்கும் இலேசான பொருளுக்கும் கணக்கு ஒன்றுதான். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று சுத்தியலையும் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டபோது, தடுக்கக் காற்று இல்லாததால் இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. நம் ஒகேனக்கல்லில் விழும் காவிரிகூட அந்த முழுப் பொருளில் தடையற்று விழுவதில்லை. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் மழைத்துளியைக் காற்று தடுக்காவிட்டால் அது நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் தரையைத் தாக்கும். காற்று தாங்குவதால்தான் பெரிய துளிகூட நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டரைத் தாண்டுவதில்லை, தோட்டத்து நாற்றும் பூவும் பிழைக்கின்றன.

தக்காளி விலைக்கு அப்படித் தாங்கும் காற்று எது? பழுத்த பழத்தைச் சில நாள் வைத்திருக்க வழியில்லாதவர் அன்றைக்குக் கேட்ட விலைக்கே கொடுத்தாக வேண்டும். பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் ஆகியவை விலையோடு சேர்ந்து இறங்குவதில்லை. ஒரு வருடம் பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டாமல் என் அண்ணன் காய்த்த தோட்டத்தில் மாடுகளை மேயவிட்டார்.

இன்னொரு வேறுபாடு எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. தடையற்று விழுபவருக்குத் தன் எடை தெரியாது என்பதை 1907இல் ஐன்ஸ்டைன் உணர்ந்தார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. நிலையமும் அதிலிருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால்தான் அவர்கள் மிதக்கிறார்கள். விலை விழும்போது நடப்பதோ இதற்கு நேர்மாறு. உரக்கடைப் பாக்கியும் நகைக்கடன் வட்டியும் அப்போதுதான் முழு எடையோடு தோளில் ஏறுகின்றன.

ஆகவே அந்தச் சொல்லை எழுதுபவர்கள், தடுத்திருக்க வேண்டியவை ஏன் அங்கே இல்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகும் குளிர்பதனக் கிடங்கு, விலை இறங்கும் வாரங்களில் பழத்தை எடுத்துக்கொள்ளும் கூழ் ஆலை, பறிப்புக் கூலிக்குக் கீழே போகாத கொள்முதல் ஆகியவற்றைத்தான் சொல்கிறேன்.