சமரசம் தோற்றால் அடுத்த வாய்தாவைத் தவறவிடாதீர்கள்

விவாகரத்து வழக்கில் நீதிமன்றம் அனுப்பிய சமரச மையத்தில் பேசியதெல்லாம் தங்களுக்கு எதிராகத் திரும்பிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். திரும்பாது. மத்தியஸ்தர் "உடன்பாடு ஏற்படவில்லை" என்று மட்டும்தான் அறிக்கை அனுப்புவார். யார் எவ்வளவு கேட்டார் என்பது நீதிபதிக்குப் போகாது.

உண்மையான ஆபத்து, வழக்கு குடும்ப நல நீதிமன்றத்துக்குத் திரும்பும் வாய்தாவைத் தவறவிடுவது. மனு போட்டவர் வராவிட்டால் தள்ளுபடி, எதிர்மனுதாரர் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே ஒருதலைப்பட்சமாக வழக்கு நடக்கும்.

செலவுக்கு வழியில்லாதவர், இந்து திருமணச் சட்டம் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு உடனே மனு போடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2020 ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புப்படி இரு தரப்பும் சொத்து, கடன், வருமானப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். தொகையும் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும். அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம். சம்பளத்தைக் குறைத்துக் காட்டுபவர்கள் பெரும்பாலும் சிக்குவது வங்கிக் கணக்கில்தான்.

ஆதாரமாக வாட்ஸ்அப் உரையாடலின் பிரிண்ட் மட்டும் போதாது. மின்னணு ஆவணச் சான்றிதழும் இணைக்க வேண்டும். அசல் உரையாடல் இருக்கும் பழைய போனை விற்றுவிடாதீர்கள்.

விசாரணை நடுவிலும், இருவரும் சேர்ந்து கேட்கும் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மாறலாம். ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு எல்லாம் பேசி முடித்திருந்தால், அதற்குச் சட்டம் சொல்லும் 6 மாதக் காத்திருப்பைத் தளர்த்தக் கேட்கலாம்.