என் அம்மாவையும் அறிவியல் வகுப்புக்குக் கூப்பிடுங்கள்

போன மாதம் என் மகன் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் பின்புறம், நெருக்கமாக முளைத்திருந்த பயத்தங்காய்க் கொடிகளில் ஒன்றை அம்மா வேரோடு பிடுங்கினார். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மண்ணை உதறி, வேரில் மணிமணியாக ஒட்டியிருந்த முடிச்சுகளில் ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தார். உள்ளே இளஞ்சிவப்பு.

"பாட்டி, செடிக்கும் ரத்தம் இருக்கா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள்.

அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ரப்பர் தோட்டத்தில் பால்மரக் கன்று நட்டதும் வரிசைகளுக்கு நடுவே பயறு இனத்துக் கொடிகளைப் படரவிடுவார்கள், அந்த மண்ணில் கன்று நன்றாக வரும் என்று சொன்னார். மீதியை டீச்சர் சொன்னார். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா அதை மாற்றிக் கொடுக்கிறது, பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கிறது. அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினைப் போன்ற ஒரு புரதத்தின் நிறம். அந்தப் பிள்ளை கேட்டது கிட்டத்தட்ட சரிதான்! டீச்சரும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால்தான் அந்தப் பாடம் முழுசாக வந்தது.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள எங்கள் செபராங் பிறையில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் நம் ஆட்கள். அப்புறம் பால்மரம், செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை. இன்று இங்குள்ள பத்து காவானில் செம்பனை நின்ற இடங்களில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. மண்ணை மோந்து பார்த்தே குணம் சொல்லக்கூடிய தாத்தா பாட்டிகள் அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் பள்ளித் தோட்டம் என்றால் நாம் என்ன செய்கிறோம்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில், அதிகாரிகள் வருகிறார்கள் என்று இரண்டு நாளைக்கு முன் நாற்றுக்கடையில் பூச்சட்டிகள் வாங்கி அடுக்கினோம். தூக்கி வைத்தவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளைகள் ஒரு விதைகூடப் போடவில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் எல்லாம் காய்ந்து போயின. இன்னும் மனசு ஆறவில்லை.

"மண்வெட்டி பிடிக்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் வலி எனக்குத் தெரியும். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போன அம்மா, என் கையில் அந்தக் கத்தி படவே கூடாது என்றுதான் படிக்க வைத்தார். அதே அம்மா இன்று பேரனோடு வெண்டைச் செடியை அளக்கிறார். அவர் குச்சி பிடிக்க, அவன் அளவுகோல் வைத்து நோட்டில் எழுதுகிறான். நிழலில் வைத்தது ஏன் வெளிறி நீண்டது, காலையில் விரிந்த வெண்டைப்பூ ஏன் சாயங்காலத்துக்குள் சுருங்கியது என்று கேட்கிறான். இது கூலி வேலையா? என்னைக் கேட்டால் இதுதான் அறிவியல்.

தோட்டத்தில் தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசு வரும் என்ற பயம் நியாயமானதுதான். கொசு முட்டை நம் வெயிலில் ஏழெட்டு நாளிலேயே கொசுவாகிவிடும். அதனால் வாரம் ஒருமுறை பிள்ளைகளே தட்டு, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்க்கட்டும்; புழு கிடைத்தால் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு அழிக்கட்டும்.

நான் கேட்பது வாரம் ஒரு மணி நேரம். கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டுப்பணி போல ஒரு நாள் கூடிப் படம் எடுத்துவிட்டுக் கலைந்து போவது போதாது. கால அட்டவணையிலேயே அந்த நேரம் இருக்க வேண்டும். டீச்சர் பக்கத்தில் ஒரு பாட்டியோ தாத்தாவோ நிற்க வேண்டும். விடுமுறையில் பக்கத்துக் குடியிருப்பான தாமான்காரர்கள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றட்டும், காய்த்ததை அவர்களே பறித்துக்கொள்ளட்டும். முதலில் கங்கோங் கீரை போடலாம். மூன்று நான்கு வாரத்தில் அறுக்கலாம், பிள்ளைகளுக்கும் பொறுமை போகாது.

வரும் வியாழக்கிழமை அடுத்த பாத்தி போடுகிறோம். அம்மா மைலோ டின்னில் சேர்த்து வைத்த வெண்டை விதைகளை இன்றே எடுத்துப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். விடுமுறைத் தண்ணீர்ப் பட்டியலில் இன்னும் இரண்டு வீடு குறைகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.